என்னைத் திட்ட வந்தவர்கள்

ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்ட வாரத்தில் என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளின் கீலுக்கும் எண்ணெய் விட்டார். பிறகு குளியலறைக் குழாயைக் கழற்றி மாட்டினார். அதற்கு முன்னால் அது ஒழுகவில்லை. அதற்குப் பிறகு ஒழுகியது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாக வெளியே போகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை செய்த மனிதரைப் பகல் முழுக்க வீட்டில் வைத்துச் சமாளிப்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அந்த வருடங்களில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்துகொண்டே போய், பறிக்கிற கூலிகூடத் தேறாத நிலைமை வந்திருந்தது. எங்களைச் சுற்றியிருந்த சின்னத் தோட்டக்காரர்கள் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றன. கொழுந்து வராத ஃபேக்டரி எதற்கு? முதலில் வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு எப்போதாவது ஓடியது, பிறகு நின்றது.

முன்பு அவருக்கு மேனேஜராக இருந்த ஒருவர் உகாண்டாவில் ஒரு தோட்டத்தில் பெரிய பதவியில் இருந்தார். அவர் மூலமாக வேலை வந்தது. மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் ஊருக்கு வர லீவு கிடையாது, மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாம். "போலாமா?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்கவில்லை. "போறோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "புள்ளைக ரெண்டுத்துக்கும் சொல்லிரு" என்றார்.

"நீங்களே சொல்றதுதானுங்களே?"

"நீதான மாசாமாசம் போயிட்டு வர்ற. நீயே சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளையும் மகனையும் பார்க்க நான் போய்வருவது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக எத்தனை பல்வலி, எத்தனை கண் பரிசோதனை, கோயம்புத்தூரில் இல்லாத எத்தனை சொந்தக்காரர்களின் வீட்டு விசேஷம்! அத்தனை பொய்யையும் தெரிந்தே கேட்டுக்கொண்டு, "சரி, போயிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். அந்த இடத்திலேயே எனக்குப் பாதி வெறுத்துவிட்டது.

எங்கள் சண்டை பெரிய புராணம் ஒன்றும் இல்லை. மூத்தவள் மகள். கூடலூரில் ஒரு கடையில் வேலைக்குப் போனவள், ஸ்ரீமதுரைப் பக்கம் இஞ்சியும் வாழையும் போடும் ஒரு மலையாளக் கிறிஸ்தவப் பையனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் நாள் தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவன் வாயில் எது நின்றது? அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலுக்கே போய், மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "இன்னியோட எனக்குப் பொண்ணு இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து மகள் அப்பாவோடும் பேசுவதில்லை, தம்பியோடும் பேசுவதில்லை.

மகன் அப்பாவுக்குக் கீழே அதே ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் சூப்பர்வைசராக இருந்தான். அக்காவின் கல்யாணத்துக்கு அடுத்த வருடம், ஒரு காலையில் வாட்டப் போட்டிருந்த கொழுந்து முழுக்கச் சூடேறிச் சிவந்து கிடந்தது. ஃபேனைக் கவனிக்காமல் தூங்கிவிட்டான் என்று ஃபேக்டரி வாசலில் வைத்து வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் இவர் கத்தினார். தூங்கவில்லை என்று அவன் சொன்னான். இவர் நம்பவில்லை. மத்தியானமே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போய், காந்தலில் ஒரு அறை எடுத்து, டூரிஸ்ட் வேன் ஓட்ட ஆரம்பித்தான்.

நான் யாரோடும் சண்டை போடவில்லை. அதனால் எல்லாச் சண்டைக்கும் நடுவில் நான்தான் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

காந்தலில் நான் போனபோது அவன் சரிவில் வேனை நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, கழுவிக்கொண்டிருந்தான். பைக்காராவுக்கு ஒரு சவாரி இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்றான். சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டான்.

"போயிட்டு வரட்டும். அங்க அவருக்குச் சமையல் யாரு?"

"நானுந்தாங் கண்ணு போறேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "நீங்களுமா? மூணு வருசமுமா?"

"பின்னே என்ன, பாதி வழியில எறங்கிக்குவனா? போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஊட்டுக்கு வா சாமி. அப்பாகூட ரெண்டு வார்த்த பேசு."

"அவரு பேசுனது ஃபேக்டரி வாசல்லம்மா. அத்தன பேரு பாத்தாங்க. தப்பா சொல்லிட்டேன்னு அதே வாசல்ல வெச்சு அவரு சொல்லட்டும். நான் வர்றேன்."

"ஃபேக்டரியே பூட்டிக் கெடக்குது. ஆளுக எல்லாந் திருப்பூருக்குப் போயாச்சு. யாரு முன்னாடிடா சொல்லுவாரு? வாட்ச்மேன் முன்னாடியா?"

"வாட்ச்மேனும் அன்னிக்கு இருந்தாரு" என்றான். சிரிப்பே இல்லாமல் சொன்னான். அப்படியே அப்பா.

அடுத்த வாரம் ஸ்ரீமதுரைக்குப் போனேன். ஊட்டியில் பஸ் மாறி, மலை இறங்கி, கூடலூரில் இன்னொரு பஸ். வழியெல்லாம் மழை. மகள் விதை இஞ்சியை நடுவீட்டில் கொட்டி அழுகல் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேத்தி, நாலு வயசு, "அம்மச்சி!" என்று ஓடி வந்தாள். எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவை அம்மிச்சி என்போம். அது அவள் வாயில் அவள் அப்பா வீட்டு வழக்கத்தில் அம்மச்சி ஆகிவிட்டது. எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

நான் சொன்னதை மகள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்பா இங்க வரட்டும். எங்கூட்டுல உக்காந்து ஒரு வாய் சோறு திங்கட்டும். அதுக்கப்புறம் நான் எங்க வேணும்னாலும் வர்றேன். தம்பி இருந்தா மட்டும் வர மாட்டேன்."

"அவன் சின்னப் பையனாட்டம் உளறிட்டான். அதுக்கு இத்தன வருசமா?"

"அவன் பேச்ச உடுங்க. நீங்க இருக்கீங்களே, நீங்கதான் எனக்கு ஜாஸ்தி வலி." இஞ்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒவ்வொரு தடவையும் பல்லு வலின்னு பொய் சொல்லிட்டு வர்றீங்க. என்ற ஊடு என்ன, வரக்கூடாத எடமா? அவரு கோவத்துல வரலீங்க, அது தெரிஞ்ச விசயம். நீங்க ஆசையா வந்துட்டு ஒளிஞ்சுக்கறீங்க. மாமியார் உங்களைப் பத்திக் கேட்டா எனக்குச் சொல்ல வாயில்லை."

மூச்சு முட்டுகிற பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது. திரும்பும்போது மாப்பிள்ளை கூடலூர் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார். ஒரு வாழைத்தாரை வேறு என் காலடியில் வைத்தார். அதைக் கொண்டுபோய் எந்தப் பல் டாக்டர் கொடுத்ததென்று வீட்டில் சொல்வது?

வீட்டுக்கு வந்து இருவரின் நிபந்தனைகளையும் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டு வாழைப்பழத்தை உரித்தார்.

"பெத்தவன் போயி வாசல்ல நிக்கறதா? அவிங்க வரட்டும். வந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"அவிங்களும் அதையேதானுங்க சொல்றாங்க."

"அப்ப அவிங்களுக்குப் பிரியமில்லை. உடு" என்று இரண்டாவது பழத்தை எடுத்தார். நல்ல ருசியாக இருந்தது போல. யார் வீட்டுப் பழம் என்று கேட்கவில்லை.

இப்படியே இன்னும் ஒரு சுற்று நடந்தது. மகன் சொன்னதை இவரிடம், இவர் சொன்னதை மகளிடம், மகள் சொன்னதை மகனிடம். பாஸ்போர்ட் வந்தது, மஞ்சள் காய்ச்சல் ஊசி போடச் சென்னை போய்வந்தோம், டிக்கெட்டும் வந்துவிட்டது. இவர் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தார். ஸ்வெட்டரை வைப்பார், எடுப்பார். "அங்க குளிருமா?" என்று என்னைக் கேட்பார், ஏதோ நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி. அன்று காலையில் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

என் பெட்டியைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தேன். காலிப் பெட்டியைத் தூக்கிப் பீரோ மேலே தள்ளினேன்.

"ஏம்புள்ள, என்ன பண்ற?"

"நான் வரலீங்க. நீங்க போயிட்டு வாங்க."

"வெளையாடாத."

"வெளையாடலீங்க. மூணு பேரும் பேசிக்கிட்டா வர்றேன். இல்லைன்னா இங்கயே கெடக்கறேன். இனி ஒருத்தரு சொன்னத இன்னொருத்தருகிட்டச் சொல்றதுக்கு என்னால பஸ் ஏற முடியாது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அடுத்த நாளும் பேசவில்லை. சரி, தனியாகத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். பயமாகக்கூட இருந்தது. அவருக்குச் சர்க்கரை. மாத்திரை டப்பாவை எடுத்துக் கையில் கொடுக்காவிட்டால் சாப்பிட மாட்டார். ஆனால் பெட்டியை இறக்க என் கை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். வாசலில் சத்தம். மகள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டு வாசலை அவள் மிதிப்பது அதுதான் முதல் தடவை. நான் வாய் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள்.

"என்னம்மா நெனச்சுட்டு இருக்கீங்க? சக்கரை இருக்கற மனுசனத் தனியா அனுப்புவீங்களா? தெரியாத தேசத்துல அவரு மயங்கி உழுந்தா யாரு பாப்பா?"

"யாரு சொன்னது உனக்கு?"

"அப்பாதான்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் நேராக எஸ்டிடி பூத்துக்குப் போயிருக்கிறார். ஸ்ரீமதுரையில் மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, அவளைக் கூப்பிடச் சொல்லி, அவள் வந்து எடுத்ததும், "உங்கம்மா வர மாட்டேங்கறா. என்னன்னு கேளு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். பெண்ணே இல்லை என்று சொன்ன பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு என்னைப் பற்றிய புகார். அந்தக் கடை நம்பர் அவருக்கு எப்படித் தெரியும்? என் பையில் இருந்து எடுத்து எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்.

இதைக் கேட்டு முடிப்பதற்குள் வேன் வந்து நின்றது. மகன். அவனுக்கும் போன் போயிருந்தது, ஊட்டி ஸ்டாண்டுக்கு. அவன் கேட்டுக்குள் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே ஆரம்பித்தான்.

"டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு, இப்ப வந்து மொரண்டு புடிச்சா எப்படீம்மா? அவருக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியுமா?"

"அதத்தாண்டா தம்பி நானும் கேக்கறேன்" என்றாள் மகள்.

"அம்மா எப்பவும் இப்படித்தாங்க்கா. வெளிய பாத்தாத்தான் சாது."

"இவிங்க பிடிவாதம் நமக்குத் தெரியாததா!"

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டு நிற்கிறவர் போல, கதவோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். பேத்தி பயந்து அழ ஆரம்பித்தாள். "இத்தன வருசமா ஒவ்வொருத்தர் காலையும் புடிச்சேன். ஒருத்தரு வரலை. இன்னிக்கு என்னைத் திட்டறதுன்னு சொன்னதும் மொதல் பஸ் புடிச்சு வந்துட்டீங்க. வந்தது வந்தீங்க, இப்பவே பேசித் தொலைங்க. பேசுனாத்தான் பெட்டி கீழ வரும்."

மகன் கேட்டின் துருவைச் சுரண்டினான். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்குக் கொழுந்து செவந்தது அவன் தப்பு இல்லை. ஃபேன் மோட்டார் எரிஞ்சிருந்துச்சு."

மகன் நிமிர்ந்தான். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மெக்கானிக் வந்து பாத்தப்ப."

"மெக்கானிக் எப்ப வந்தாரு?"

இவர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். "மறாநாளு" என்றார்.

"மறாநாளேவா!" கேட்டைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்துவிட்டான். "மறாநாளே தெரிஞ்சு இத்தன வருசம் வாய மூடிட்டு இருந்தீங்களா?"

"நீ போயிட்டயல்ல!"

"கூப்புட்டிருந்தா வந்திருப்பனல்லங்க!"

"எப்படிக் கூப்புடறது, எல்லாரு முன்னாடியும் கத்திட்டு!"

சமாதானம் செய்துகொள்ளச் சொன்னால் புதிதாக ஒரு சண்டை. நான் அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தேன். எத்தனை பேருக்கு என்று யோசிக்காமலே பெரிய குண்டாவை எடுத்திருந்தேன். வெளியே குரல்கள் ஏறி இறங்கின. நடுவில் மகள், "போச்சாது, உடுறா. அவருக்கு வாய் வந்ததே பெருசு" என்று சொல்வது கேட்டது. பிறகு மகனின் குரல், வேறு மாதிரி: "நான் தூங்கலீங்கப்பா." இவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது இருவரும் வாசல் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டதும் பேத்தி அவரிடம் போய், "அப்பச்சா" என்றாள்.

"அப்பிச்சின்னு சொல்லு" என்று எங்கள் வழக்கத்துக்குத் திருத்தினார் இவர்.

"அப்பச்சா."

"அப்பிச்சி."

"அப்பச்சா!" அவளும் இந்த வீட்டு ரத்தம்தானே. அவர்தான் தோற்றார்.

அன்று சாயங்காலம் பெட்டியை இறக்கினேன்.

அடுத்த வாரம் மகனின் வேனில் எல்லோரும் ஸ்ரீமதுரைக்குப் போனோம். பைக்காரா தாண்டும்வரை, மெதுவாகப் போ என்று அப்பாவும், எனக்குத் தெரியும் என்று மகனும். அதற்கப்புறம் இருவரும் பேசாமல் வந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. மகள் வீட்டில் இலை போட்டார்கள். மாப்பிள்ளை எதிரே வந்து நின்றார். இவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "இஞ்சி என்ன வெலை போகுது?" என்றார். "ஒண்ணுமில்ல சாரே, தேயிலை மாதிரிதான். வெட்டி எடுக்கிற கூலி கிட்டாது" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து விலையைத் திட்ட ஆரம்பித்து, ரசம் வரும்வரை நிறுத்தவில்லை. மாமியாரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "பல்லுவேதனை மாறியோ?" என்று கேட்டார், பல்வலி போச்சா என்று. மகளைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

புறப்படும் நாளன்று கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பெட்டியின் எடை அதிகம் என்று சொல்லிவிடுவார்கள் என்று மகன் பயமுறுத்த, வாசலிலேயே பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார்கள். ஸ்வெட்டர் வேண்டுமா வேண்டாமா என்று மூவரும் முட்டி போட்டுக்கொண்டு சண்டை. போகிற வருகிறவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள். தூங்கிவிட்ட பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நின்றேன். மூன்று வருடத்துக்குப் பார்க்க முடியாத பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம் என்றால், எனக்குத் தெரிந்தது குனிந்த தலைகள்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவசர அவசரமாகக் குழந்தையை மகள் கையில் மாற்றியபோது அவள் என் தோளில் முகத்தை வைத்து, "பொய் சொல்லாமப் போன் பண்ணுங்க" என்றாள். மகனிடம் நான் ஏதோ சொல்ல நினைத்து, சரியாகச் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு என் வீட்டுக்காரர் கைக்குட்டைக்காகப் பாக்கெட்டில் கை விட்டார். வேன் சாவி வந்தது. வண்டியிலிருந்து பையை எடுக்க மகன் கொடுத்தது.

அவர் எழுந்து ஓடினார். அந்த வயசில், அந்தச் சர்க்கரையோடு, புதுச் செருப்போடு ஓடினார். வாசல் காவலர் வெளியே விட மாட்டேன் என்றார். அதற்குள் மகனும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தான். காவலர் சாவியை வாங்கி அவனிடம் கொடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இவர் ஏதோ சொன்னார். அவனுக்குக் கேட்கவில்லை, காதைக் காட்டினான். இவர் திரும்பவும் சொன்னார். மூன்றாவது தடவை அவன் புரிந்துகொண்டவன் போலத் தலையாட்டினான்.

திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சாவியக்கூட வாங்க மறந்துட்டான். பொறுப்பே இல்லை."

"சாவி உங்க பாக்கெட்டுலதானுங்க இருந்துச்சு."

"அவன் கேட்டிருக்கோணுமல்ல?"

மாத்திரை டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.